ஐயமும் கண்டனமும்

(கங்கைகொண்ட சோழபுரத்தில் இளம் எழுத்தாளர்களுக்காக நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுதத் தொடங்கியவனை இடைவழியில் நிறுத்திவிடும் தடைகள் பல உண்டு. வறுமை, ஓய்வின்மை, அச்சிடுவோர் கிடையாமை முதலியவற்றையெல்லாம் எப்படியோ கடந்து வந்தவர்கள்கூடத் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிற இடங்கள் இரண்டு என்பது என் அபிப்பிராயம். ‘இந்தக் காரியத்துக்கு நான் தகுதியுடையவன்தானா?’ என்று தன் நெஞ்சுக்குள்ளே எழுகிற ஐயம் முதலாவது. ‘நீ தகுதியுடையவன் அல்லன்’ என்று பிறர் வாயிலிருந்து வருகிற கண்டனம் இரண்டாவது. முன்னது குடியிருக்கிற நெஞ்சில் பின்னதும் வந்து விழும்போது, நாம் முன்பே நினைத்ததைத்தானே ஊராரும் சொல்கிறார்கள் என்று தோன்றி, எழுதிய தாள்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அப்படிப் போனவர்களுக்குள் எத்தனை நல்ல எழுத்தாளர்கள் இருந்தார்கள் என்பதை எந்த இலக்கிய சரித்திரமும் சொல்லாது. அந்த நஷ்டத்தை நினைக்குந்தோறும் எனக்கு மனம் வருந்துகிறது. அதனாலேயே இவ்விஷயத்தைப் பற்றிப் பேச இசைந்தேன்.

ஆயினும் உற்சாகம் ஊட்டும் பொது வாசகங்களைத் தொகுத்துச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இந்த மண்ணோடு நெருங்கிய சம்பந்தமுடைய ஒரு நூலின் கதையையும், அந்த நூலை மீட்டுத் தந்த ஒருவருடைய கதையையும் உங்கள் முன் வைக்கிறேன். நூல், சீவக சிந்தாமணி. மீட்டுத் தந்தவர், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

முதலில் இந்த ஊர். கங்கைக் கரை வரையில் தன் படையைச் செலுத்தி வென்ற முதலாம் இராஜேந்திரன், தஞ்சையை விட்டு இங்கே புதிய தலைநகர் கண்டது பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில். அது தொட்டுச் சோழப் பேரரசு மறையும் வரையில், ஏறத்தாழ 250 ஆண்டுகள், இதுவே சோழர்களின் இராஜதானி. இன்று நாம் வணங்கும் பெருவுடையார் கோயிலும், மாளிகைமேட்டில் அகழ்ந்து கண்ட செங்கல் அடித்தளங்களும், சோழகங்கம் என்று பெயரிட்டு அவன் வெட்டுவித்து இப்போது பொன்னேரி என்று வழங்கும் பேரேரியும் அல்லாமல் அந்த நகரத்தில் மிஞ்சியது சொற்பமே. கோயிலின் திருமதிற் கற்களைக்கூட 1836-இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் அக்காலத்து அரசவையைச் சார்ந்து எழுந்த தமிழ் நூல்கள் சில நம் கையில் இருக்கின்றன. அவற்றை இயற்றிய புலவர்களைப் பற்றி வழிவழியாக வழங்கும் கதைகளும் இருக்கின்றன. அக்கதைகளில் இரண்டு நம் விஷயத்துக்கு நேரே உரியவை.

விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராஜராஜன் என்று மூன்று மன்னர்களுடைய அவையில் வீற்றிருந்தவர் கவிச்சக்கரவர்த்தி ஒட்டக்கூத்தர். குற்றமுள்ள கவி பாடிய புலவர்களின் குடுமிகளை இரண்டிரண்டாக முடிந்து தலையை வெட்டுவிப்பார் என்று அவரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. அவரே ஓர் இராமாயணம் பாடி, கம்பருடைய காவியத்தைக் கேட்ட பிறகு தம் ஏடுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தெறியத் தொடங்க, கம்பர் ஓடி வந்து கையைப் பிடித்துத் தடுத்த பொழுது உத்தரகாண்டம் மட்டுமே எஞ்சியிருந்தது என்று மற்றொரு கதை உண்டு. இவை சரித்திரமாகா, கம்பருடைய காலத்தைப் பற்றியே ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். ஆயினும் இவ்விரண்டு கதைகளையும் ஒரே மனிதர்மேல் ஏற்றிச் சொன்ன நம் முன்னோர்களின் நுண்ணறிவை எண்ணி நான் வியப்பதுண்டு. பிறர் கவிதையைப் பிழைக்கு ஓர் உயிர் என்று தீர்ப்பிட்டவர், தம் கவிதையையும் அதே தராசில் நிறுத்தார்; தராசு இரக்கமின்றித் தாழ்ந்தது; ஏடு கிழிந்தது. பிறருடைய எழுத்தை ஈவிரக்கமின்றி ஏசிப் பழகியவனுக்குத் தன் எழுத்தின் முன்னிலையில் நிற்கும் பொழுது துணை யாரும் இல்லாமற் போய்விடுகிறது. இளைஞர்களாகிய உங்களில் சிலர், ஒரு புத்தகம் வெளிவந்தவுடன் அதைக் கிழித்துப் பேசுவதே அறிவுக்கு அடையாளம் என்று எண்ணுவதைக் காண்கிறேன். அந்தப் பழக்கத்தின் கூலி பின்னால் உங்கள் மேஜையருகில் வந்து நிற்கும்.

இரண்டாவது கதை சேக்கிழாரைப் பற்றியது. அநபாய சோழனுடைய அவையில் அவர் அமைச்சர். அநபாயன் என்பவன் இரண்டாம் குலோத்துங்கனே என்பது பெரும்பாலோர் கொள்கை. அரசன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஈடுபட்டு அதனையே கேட்டுக்கொண்டிருந்தான் என்றும், அது சமணர்களின் பொய்ந்நூல், இம்மைக்கும் மறுமைக்கும் பயன்படாதது என்று அமைச்சர் இடித்துரைத்தார் என்றும், அங்ஙனமாயின் பயன்படுவது எது என்று அரசன் கேட்க, அடியார்களின் வரலாற்றை எடுத்துச் சொல்லிப் பிறகு அதனையே பெருங்காவியமாகத் தில்லையில் இருந்து பாடி அரங்கேற்றினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். சிந்தாமணியைப் பற்றிய அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. திருத்தக்கதேவர் பாடிய 3,145 செய்யுட்களில் ஒன்றையாவது ஊன்றிப் படித்தவர் எவரும் அதனை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் கண்டித்தவர் கண்டித்ததோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. ஒரு நூல் வேண்டாம் என்றவர் மற்றொரு நூலைத் தாமே பாடிக் கொடுத்தார்; அதனால் தமிழுக்கு இரண்டு காவியங்களும் மிஞ்சின. கண்டனம் இப்படி இருக்குமானால் அதை யார்தான் வெறுப்பார்கள்?

இனிச் சாமிநாதையரிடம் வருகிறேன். அவர் 1855 பிப்ரவரி 19-இல் பிறந்தவர். உத்தமதானபுரம் அவருடைய ஊர். தஞ்சை ஜில்லாக்காரர் என்றே எல்லோரும் அவரை நினைக்கிறார்கள். அது சரியே. ஆயினும் தமிழ் அவருக்குள் வேர் விட்டது இந்தப் பக்கத்து மண்ணில் என்பதை நீங்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க உடையார்பாளையம் ஸமஸ்தானத்தில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். நிலபுலன் போதாமையால் ஊர் ஊராகச் சென்று இராமாயண காலக்ஷேபம் செய்து குடும்பத்தை நடத்தினார். அரியலூரிலும் குன்னத்திலும் பெரம்பலூர்ப் பக்கத்திலும் அக்குடும்பம் தங்கியது. அங்கங்கே இருந்த கிராமத்துப் பெரியவர்கள் நெல்லும் வீடும் கொடுத்து ஆதரித்தார்கள். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று, கிடைத்த ஆசிரியரிடம் கிடைத்த நூலைக் கற்றுக்கொண்டு அந்தச் சிறுவர் வளர்ந்தார்.

அக்காலத்தில் தமிழ் படிப்பது பைத்தியக்காரத்தனம் என்றே உறவினர் பலர் எண்ணினார்கள். இங்கிலீஷ் படித்தால் இவ்வுலகில் உத்தியோகம் உண்டு. ஸம்ஸ்கிருதம் படித்தால் மறுமைக்குப் புண்ணியம் உண்டு. தமிழினால் என்ன உண்டு என்பது அவர்கள் வாதம். ஒரு சிறுவன் காதில் நாள்தோறும் விழுந்துகொண்டிருந்த இந்தப் பேச்சைக் காட்டிலும் பலமான கண்டனம் வேறென்ன வேண்டும்? புத்தகம் எழுதிய பின்பு வருகிற கண்டனத்துக்கு விடை சொல்லப் புத்தகமாவது இருக்கிறது. எதுவும் செய்வதற்கு முன்பே வருகிற இவ்வகை அவமதிப்புக்கு விடையே இல்லை. அவர் விடை சொல்லவும் இல்லை. அடுத்த ஆசிரியரைத் தேடிப் போனார், அவ்வளவுதான்.

செங்கணம் விருத்தாசல ரெட்டியாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. யாப்பருங்கலக்காரிகையில் தேர்ச்சி மிக்க அந்தப் பெரியவர், தாம் அறிந்ததைக் குறைவறக் கற்பித்த பிறகு, இதற்குமேல் இப்பிள்ளை கற்க வேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடத்திலேதான் கற்க வேண்டும் என்று தந்தையாருக்குச் சொன்னார். தம்முடைய எல்லை எது என்று தெரிந்திருந்தது அவருக்கு. அதைச் சொல்வதில் கூச்சமும் இல்லை. அவருக்கும் தம் கல்வியைப் பற்றி ஐயம் இருந்திருக்கும். ஆனால் அந்த ஐயம் ஒரு மாணாக்கனுக்கு வழி திறந்துவிட்டது. 1871-இல் மாயூரத்தில் மாணாக்கராகச் சேர்ந்தவருக்குச் சாமிநாதன் என்ற பெயரை வைத்தவரும் பிள்ளையவர்களே. ஐந்தாண்டுகள் அவர் நிழலிலே இருந்து, 1876-இல் அவர் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கற்றும் கற்பித்தும் வந்து, 1880-இல் தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்த பொழுது, சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. தமிழ் நாட்டில் அவர் வயதில் அவ்வளவு படித்தவர் வேறொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

அந்த நிலையிலேதான் 1880 அக்டோபர் 21-ஆம் தேதி வந்தது. சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்தார். மரியாதை நிமித்தம் பார்க்கச் சென்ற இளம் ஆசிரியரிடம், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று இவர் தாம் கற்றவற்றின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எதிரில் இருந்தவர் முகத்தில் வியப்பில்லை, மதிப்பில்லை, இவற்றால் என்ன பிரயோஜனம் என்பதுபோல ஒரு கேள்விதான் வந்தது. பிறகு, பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்பதே விடை. கல்விப் பெருமிதத்தோடு உள்ளே சென்றவர் எத்தகைய மனத்தோடு வெளியே வந்திருப்பார் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தச் சந்திப்பு அதோடு முடிந்திருந்தால், ஓர் உத்தியோகஸ்தர் ஒரு பண்டிதரை அவமதித்தார் என்ற அளவில் அது மறந்துபோயிருக்கும். முடியவில்லை, முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை இவர் கையிலே கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். நீங்கள் கண்டனத்தைத் தரம் பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டுமானால் இதனையே கொள்ளலாம். குறை சொன்னவர் கையில் நமக்குக் கொடுக்க ஏதேனும் இருந்ததா? சேக்கிழாரிடம் இருந்தது; முதலியாரிடம் இருந்தது. அத்தகைய கண்டனம் சுடும்; ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பொழுது நம் கையில் ஒரு கட்டுப் பிரதி இருக்கும். வெறுங்கையோடு வருகிற கண்டனமோ நம்மையும் வெறுங்கையாக்கிவிட்டுப் போவது.

வீட்டுக்கு வந்து பிரதியைப் பிரித்தவருக்கு அடுத்த சோதனை காத்திருந்தது. நச்சினார்க்கினியர் உரையோடு கூடிய அந்நூல் அவருக்கு விளங்கவில்லை. சொல்லும் புதிது; மதமும் புதிது; உரையாசிரியர் பெயர் சொல்லாமல் மேற்கோளாக எடுத்தாளும் நூல்கள் எவை என்பதும் தெரியவில்லை. மகாவித்துவானிடம் கற்றும் ஒரு தமிழ் நூல் விளங்கவில்லையே என்ற எண்ணம் எவ்வளவு கூர்மையானது! சாதாரண மனிதர் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பார்: நூலைக் குறை கூறி மூடி வைத்திருப்பார், அல்லது தம்மையே குறை கூறிக்கொண்டு மூடி வைத்திருப்பார். சாமிநாதையர் மூன்றாவது வழியைக் கண்டார். அவருடைய சரித்திரம் முழுவதிலும் நமக்கு உயிர்நிலையான பாடம் இதுவே என்பது என் துணிபு. ‘எனக்குத் தகுதி உண்டா?’ என்ற கேள்வியை அவர், ‘இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? இதை யார் அறிவார்?’ என்ற கேள்வியாக மாற்றிக்கொண்டார். முந்திய கேள்விக்கு ஆயுள் முழுவதும் யோசித்தாலும் விடை கிடைக்காது. அதைக் கேட்கக் கேட்க மனம் மெலியும். பிந்திய கேள்விக்கு எங்கேயாவது, யாரிடமாவது விடை இருந்தே தீரும். அதைக் கேட்கிறவனுக்குக் கால்கள் தாமாக நடக்கும். ஐயம் இரண்டிலும் ஒன்றே. சோழகங்கத்தின் நீரும் அப்படித்தான்: மதகு இல்லாவிட்டால் கரையை உடைத்து ஊரை அழித்திருக்கும், மதகின் வழியே வந்ததனால் வயலுக்குப் பாய்ந்தது.

அவருடைய கால்கள் நடந்து சென்ற இடம், கும்பகோணத்திலிருந்த ஜைனர்களின் வீடு. சைவ மடத்தின் சூழலில் வளர்ந்த ஓர் அந்தண ஆசிரியர் அக்காலத்தில் அவ்வாறு சென்றது சிறிய காரியமன்று. அவர் போன அன்று அவ்வீட்டில் மாவிலைத் தோரணம் கட்டி ஏதோ விசேஷம் போல இருந்தது. காரணம் கேட்டதற்கு, தாங்கள் சிரவணம் செய்துவந்த சிந்தாமணி அன்றைக்குப் பூர்த்தியாயிற்று என்றார்கள். ஊரில் எவருக்கும் தெரியாது என்று தாம் எண்ணியிருந்த நூலை, அதே ஊரில் ஒரு குடும்பத்தார் முறையாகப் படித்துக் கொண்டாடியும் வந்திருக்கிறார்கள்! தமிழ் உரைநடையில் என் மனத்தை உருக்குகிற பகுதிகள் பல உண்டு. தம் சுயசரிதமாகிய ‘என் சரித்திர’த்தில் இந்த நிகழ்ச்சியை அவர் சொல்லும் இடம் அவற்றுள் ஒன்று. சந்திரநாத செட்டியார் முதலிய ஜைன நண்பர்களிடம் ஒவ்வோர் ஐயமாகக் கேட்டுக் கேட்டுத் தெளிந்துகொண்டார். மணிமேகலையைப் பதிப்பிக்கும் பொழுதும் இப்படித்தான். பௌத்த மதத்தின் கருத்துக்களை மளூர் ரங்காசாரியரிடம் கேட்டறிந்த பிறகே 1898-இல் அதனை வெளியிட்டார். மாணாக்கர்கள் பலருக்கு ஆசிரியராய் விளங்கியவர் தாம் அறியாததை அறியேன் என்று போய்க் கேட்டதனாலேயே அந்நூல்கள் நமக்குக் கிடைத்தன.

சிந்தாமணி முழுவதும் அதுவரை அச்சில் வந்ததில்லை. 1868-இல் பவர் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் வெளியிட்டிருந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை பழைய நூல்களைப் பதிப்பிப்பதில் முன்னோடியாக விளங்கினார். கலித்தொகையைப் பதிப்பித்தவர் அவர். அவர் சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க விரும்பி, சாமிநாதையர் சேர்த்து வைத்திருந்தவற்றைக் கேட்டார். அனுபவத்திலும் வயதிலும் புகழிலும் மிக்க ஒருவர் கேட்கும் பொழுது, பதிப்புத் துறையில் அடியெடுத்தே வைக்காத ஒருவருக்கு மனத்தில் என்னென்ன தோன்றியிருக்க வேண்டும்! ‘அவரே செய்யட்டும், நாம் யார்?’ என்று கொடுத்துவிடுவது அடக்கம் போலத் தோன்றும். பல காலம் தடுமாறிய பிறகு, கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். தாமோதரம் பிள்ளையிடம் அவர் வைத்திருந்த மதிப்பு இதனால் குறையவும் இல்லை. நம்மினும் மேலானவர் ஒருவர் இருக்கிறார் என்பது நம் வேலையை விட்டுவிடுவதற்கு நியாயமான காரணம் ஆகாது.

கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத் தாள்களைத் திருத்தி, கையொப்பக்காரர்களிடம் பணம் திரட்டி, சமண நூலை வெளியிடலாமா என்று முகம் சுளித்தவர்களையும் சகித்துக்கொண்டு, 1887-இல் நூலை நிறைவேற்றினார். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் சேக்கிழார் இடித்துரைத்த அதே காரணம், அவருடைய பெரியபுராணத்தை நாள்தோறும் போற்றும் கூட்டத்தாரிடமிருந்தே மறுபடியும் எழுந்தது! சோழ அவையில் எழுந்த வழக்குக்கு, இந்தச் சோழநாட்டு வடகரைக் கிராமங்களில் தமிழ் கற்ற பிள்ளை ஒருவர் அச்சு யந்திரத்தின் துணையோடு முடிவு கண்டார் என்று எண்ணும் பொழுது எனக்கு உள்ளம் பூரிக்கிறது.

நூல் வெளிவந்தது. பாராட்டும் வந்தது. பின்னாலேயே கண்டனங்களும் வந்தன. பிழைகளை எடுத்துக் காட்டுவதாகத் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டுப் பரப்பினார்கள். அவற்றுட் சில நூலை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டன. பல ஆண்டுகள் இரவும் பகலும் உழைத்தவருக்கு அவை எப்படி இருந்திருக்கும்? கல் நெஞ்சர் அல்லர் அவர், வருந்தினார். மறுப்பு எழுத வேண்டும் என்ற ஆத்திரமும் உண்டாயிற்று. அப்பொழுது கல்லூரியில் உடனிருந்த சாது சேஷையர், அந்த வழியில் இறங்கினால் காலம் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும், செய்யவேண்டிய பெரிய வேலை நின்றுவிடும் என்று அறிவுறுத்தினார். அறிவுரையை ஏற்றுக்கொண்டார். அதன் விளைவைக் காலக்கணக்கில் பாருங்கள்: 1889-இல் பத்துப்பாட்டு; 1892-இல் சிலப்பதிகாரம்; 1894-இல் புறநானூறு. மறுப்புகளை எழுதிக்கொண்டிருந்தால் இவற்றுள் எது பிந்தியிருக்கும், எது வராமலே போயிருக்கும்?

கண்டனங்களை அவர் புறக்கணித்துவிட்டார் என்று நீங்கள் கொண்டால் பாதி உண்மையையே கொண்டவர்களாவீர்கள். யார் சொன்னார் என்பதை மறந்து, சொன்னதில் உண்மை உண்டா என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதிய ஏடு கிடைத்த போதெல்லாம் பழைய பாடத்தோடு ஒத்துப் பார்த்தார். சங்க நூல்கள் கைக்கு வரவர நச்சினார்க்கினியரின் மேற்கோள்கள் ஒவ்வொன்றாக விளங்கின. 1907-இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு திருத்தங்களோடும் மிகுந்த குறிப்புக்களோடும் வெளிவந்தது. முதற் பதிப்புக்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள். கண்டனக்காரர்களுக்கு அவர் கொடுத்த விடை அந்தப் புத்தகம்! துண்டுப் பிரசுரங்களைத் தேடினாலும் இன்று கிடைப்பது அரிது.

ஐயத்தை அவர் எவ்வளவு மரியாதையோடு நடத்தினார் என்பதற்குப் பத்துப்பாட்டில் ஓர் உதாரணம் சொல்லுகிறேன். குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்களைக் கபிலர் அடுக்கிச் சொல்லும் பகுதியில், கிடைத்த ஏடுகளில் சில அடிகள் காணப்படவில்லை. கவிபாடும் வன்மை மிக்க அவருக்கு இரண்டு மூன்று அடிகளை ஓசை குன்றாமல் இட்டு நிரப்புவது ஒரு நாழிகை வேலை. அதைச் செய்யவில்லை. ஏடு தேடினார், தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அந்த அடிகள் கிடைத்தன. தம்மீது முழு நம்பிக்கை கொண்டவர் இட்டு நிரப்பியிருப்பார். தம்மீது நம்பிக்கையே இல்லாதவர் நூலையே விட்டிருப்பார்.

மேல்நாட்டிலிருந்தும் ஒரு செய்தி. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1818-இல் ‘எண்டிமியன்’ என்ற காவியத்தை வெளியிட்ட பொழுது, அக்காலத்துப் பெரிய பத்திரிகைகள் இரண்டு அதனையும் அவரையும் கொடுமையாக ஏளனம் செய்தன. மூன்று ஆண்டுகளுக்குள் அவர் க்ஷயரோகத்தால் ரோமாபுரியில் இறந்தார். விமரிசனமே அவரைக் கொன்றது என்ற கதையை அவருடைய நண்பர்களே பரப்பிவிட்டார்கள். ஆனால் 1818 அக்டோபரில் கீட்ஸ் எழுதிய கடிதம் ஒன்று வேறு விதமாகச் சொல்கிறது. தம் எழுத்தைத் தாமே சோதித்துக் கண்ட குறைகள் தந்த வேதனைக்குப் பத்திரிகைகள் தந்த வேதனை ஈடாகாது என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டிலேதான் அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் பிறந்தன. இருபத்திரண்டு வயதில் இந்தத் தெளிவு! வெளியிலிருந்து வருகிற கண்டனம் நம்மை அழிப்பதற்கு வேண்டிய பலத்தை, நாம் நம் வேலையைச் சோதிக்காமல் விட்ட இடத்திலிருந்தே பெறுகிறது போலும். தன் பக்கத்தின் பலவீனமான வரி எது என்று முன்பே அறிந்து, அதனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருப்பவனிடம் ஒருவர் வந்து அதே வரியைக் காட்டினால் அவன் திடுக்கிடுவதில்லை.

அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களைச் சேர்ந்த இளைஞர்கள் என்னிடம் வந்து, எங்கள் ஊரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறவர்கள் எழுதுவதை நாங்கள் எப்படி எழுத முடியும் என்று கேட்பதுண்டு. இதுவும் ஐயத்தின் ஓர் உருவமே. இதனையும் சாமிநாதையர் காட்டிய வழியில் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தைப் பற்றி அந்த ஊர்க் கிழவர்கள் என்ன சொல்கிறார்கள்? அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் பூமியில் ஆலைகள் வந்த பிறகு கிணறுகளும் குடிகளும் எப்படி மாறின? ஜெயங்கொண்டத்து நெசவாளர் வீட்டில் தறியை விட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழுந்த விடியற்காலையை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனை பேர்? குன்னத்திலும் செங்கணத்திலும் ஒரு பையனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்களின் வாழ்க்கையை அந்த ஊர்க்காரர் ஒருவர் தனி நூலாக எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இவற்றையெல்லாம் உங்களைக் காட்டிலும் தகுதியுடையவர் ஒருவர் வந்து எழுதுவார் என்று காத்திருக்க வேண்டாம். சொல்லக்கூடிய முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

சாமிநாதையர் தம் சுயசரிதத்தை எழுத ஒப்புக்கொண்ட பொழுது அவருக்கு எண்பத்தைந்து வயது ஆகவிருந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் அது வந்தது. பண்டிதர் நடையை விட்டு, பத்திரிகை படிக்கும் பொது ஜனங்களுக்கு விளங்கும்படி அதை எழுதினார். அந்த வயதில் ஒரு புது நடையைக் கைக்கொள்ள அவருக்கு அச்சம் இருந்ததோ என்னவோ, எழுத்தில் அது தெரியவில்லை. 122 அத்தியாயங்கள் வரையில் வந்த அது, 1942 ஏப்ரல் 28-இல் அவர் காலமானதால் நின்றது, 1950-இல் புத்தகமாயிற்று. இங்கே இருக்கிறவர்கள் அதில் அரியலூரும் குன்னமும் வரும் அத்தியாயங்களை முதலில் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எனக்கு அளித்த நேரம் கடந்துவிட்டது. அடுத்து, இளைஞர்கள் சிலர் தாங்கள் எழுதியவற்றை இந்த மேடையில் படிக்கப் போகிறார்கள் என்று அறிகிறேன். கேட்கப் போகிற பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நன்றாயிருக்கிறது என்றோ நன்றாயில்லை என்றோ மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிடாதீர்கள். எந்த வாக்கியம் விளங்கவில்லை, எந்தச் செய்தி தவறு, எந்த நூலைப் பார்த்தால் அது திருந்தும் என்பதைச் சொல்லுங்கள். அந்த நூல் உங்கள் வீட்டில் இருந்தால் இரவல் கொடுங்கள். படிக்கப் போகிற இளைஞர்கள் பென்சிலையும் தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.